தோட்டத்தின் பழைய பெயர்கள்

(யூபிலி விழாக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



கோயிலின் வரலாற்றைப் பிறர் எழுதுகிறார்கள். நாம் ஒரு தோட்டத்தின் கதையைச் சொல்லுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்குக் குடும்பம் ஒன்று பழைய தோட்டத்தை விலைக்கு வாங்கிக் குடியேறியது. ஓட்டு வீடு, கவலை இறைத்த கிணறு, கிழக்கு வரப்பில் ஒரு புளியமரம். வீடு மந்திரிக்கப் போயிருந்தோம். மரத்தடியில் மூன்று சிறு மேடுகளும், சிலுவை கொத்திய கல் ஒன்றும் கண்டோம். "அங்கேதான் சாமி போர் போடப் போகிறோம்" என்றார் வீட்டுக்காரர். "யாரென்று தெரியாமல் எப்படித் தோண்டுவது?" என்றார் அவர் மனைவி.

விசாரிக்க அவருக்குத் தயக்கம். பழைய வாரிசுகளைத் தட்டி எழுப்பினால் பங்கு கேட்டு வழக்கு வருமோ என்ற பயம். நிலம் வாங்கிய எவருக்கும் வருகிற பயந்தான். நாம் குறை சொல்லவில்லை. முதலில் வில்லங்கச் சான்று எடுங்கள், தாலுகா அலுவலகத்தில் பழைய 'அ' பதிவேட்டைப் பாருங்கள் என்றோம்.

நம் மாவட்டத்தில் காணிக்குக் கணக்கெழுதும் வழக்கம் பழையது. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் சீமை கும்பினியார் கைக்கு மாறியது. அலெக்சாண்டர் ரீடு தலைமையில் நிலத்தை அளந்து தீர்வை விதித்தார்கள். அவருடைய உதவியாளர்களில் ஒருவரான தாமஸ் மன்றோ 1799 வரை இப்பகுதியில் பணியாற்றினார். ரயத்துவாரி முறை வேர்விட்டது இங்கேதான். ஆனால் அந்தக் கணக்கு கேட்பது தீர்வை கட்டுகிறவன் பெயரை மட்டுமே. அவன் பெண்டு பிள்ளைகளைக் கேட்பதில்லை.

பத்திரங்களில் கிடைத்த மிகப் பழைய பெயரை எடுத்துக்கொண்டு தாய்ப்பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டினோம். எளிதில் அகப்படவில்லை. பத்திரத்தில் ராயப்பன் என்றிருப்பவர் குருவானவரின் லத்தீனில் பெத்ருஸ் ஆகிவிடுவார், சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ். ஊரார் கூப்பிட்ட பெயரோ இவை எதுவுமில்லை! தகப்பன் பெயர், ஊர், ஞானத்தாய் மூன்றையும் ஒட்டிப் பார்த்த பிறகே குடும்பம் தெரிந்தது.

அதே தகப்பனுக்குப் பிறந்த ஐந்து பிள்ளைகளின் பெயர்கள் இருந்தன. மரணப் பதிவேட்டில் அவர்களில் மூவர், எல்லாரும் 1877-இல். 1876 முதல் 1878 வரை சேலம் ஜில்லாவை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மேடுகள் மூன்று, பெயர்கள் மூன்று. அவை இவைதாம் என்று சத்தியம் செய்ய நம்மால் ஆகாது.

பிழைத்தவர் இருவர். மகன் பெயர் பத்திரத்தில் நிற்கிறது. மகள் பெயர் கலியாணப் பதிவோடு சரி. எந்தக் காணிக் கணக்கிலும் இல்லை. நமக்குப் பொருந்தும் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயில் இல்லாவிட்டால் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. அப்படியிருந்தும், "சீர் செய்துவிட்டோம்" என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் அக்கா தங்கைகளிடம் கையெழுத்து வாங்குகிற வீடுகள் இப்பங்கில் எத்தனை என்று நாம் எண்ணப் போவதில்லை. உங்களுக்கே தெரியும்.

அந்த மகளின் வழிவந்தவர்கள் இன்று நம் கோயிலில்தான் பூசை காண்கிறார்கள். நில விவகாரம் ஒன்றும் எழவில்லை. வயதில் மூத்த அம்மாள், "எங்கள் கொள்ளுப்பாட்டி தண்ணீர் சேந்திய கிணற்றைப் பார்க்கலாமா சாமி?" என்று மட்டும் கேட்டார். வீட்டுக்காரரே மாட்டுவண்டி கட்டி அழைத்துப் போனார். கிணற்றடிக் கல்லில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார் அந்த அம்மாள்.

இப்போது நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் இரு குடும்பங்களும் புளியமரத்தடியில் மெழுகுதிரி ஏற்றுகின்றன. போரை மேற்கு வரப்பில் போட்டார்கள். தண்ணீர் சுமார்தான்.