நிற்பதுபோல் ஓடும் செயற்கைக்கோள்

திருவேங்கடத்தில் எங்கள் வீட்டு மாடியிலுள்ள டிஷ் ஆண்டெனா ஆண்டுக்கணக்காகத் தென்வானையே நோக்கி நிற்கிறது. நான் அதைத் திருப்பியதே இல்லை. அது நோக்கும் செயற்கைக்கோளோ விநாடிக்கு ஏறத்தாழ 3 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது!

பின் எவ்வாறு நிற்பதுபோல் தோன்றுகிறது? நிலநடுக்கோட்டுக்கு மேலே, 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமி தன்னைத்தானே சுற்றும் அதே 23 மணி 56 நிமிடத்தில், அதே திசையில் அதுவும் ஒரு சுற்று வந்துவிடுகிறது. தேரோடு இணையாக நடப்பவனை விட்டுத் தேர் விலகுவதில்லை அல்லவா? தாழ்வாகச் சுற்றுபவை சில நிமிடங்களில் நம் வானைக் கடந்துவிடும்.

2024 பிப்ரவரி 17இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இன்சாட்-3டிஎஸ் இவ்வகையினதே. வங்கக்கடலில் திரளும் மேகத்தை இரவிலும் காண்பது அது. எங்கள் கரிசல் உழவருக்கு அது மழையைத் தராது. விதைப்பை இரண்டு நாள் தள்ளிவைக்கலாமா என்று முடிவுசெய்யத் துணைபுரியும்.