நாளைய பாடத்தை மாற்றும் மதிப்பீடு



ஒரு தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியரின் நினைவைப் போற்றும் அறக்கட்டளையின் சார்பில் நிகழும் உரை இது. குழந்தைக்கு எழுத்தும் எண்ணும் முதன்முதலாகக் கைவருமிடத்தில் வாழ்நாளைச் செலவிட்டவர் அவர். அவர் பெயரால் பேசும்போது, பேச்சும் ஒரு தொடக்கப்பள்ளிக் கணக்கிலிருந்தே தொடங்குவதுதான் முறை.

ஒரே விடை, இரண்டு பிழைகள்

52-இலிருந்து 27-ஐக் கழிக்க வேண்டும். விடை 25. இரண்டு குழந்தைகள் 35 என்று எழுதுகிறார்கள். பதிவேட்டில் இருவருக்கும் சுழியம்.

முதல் குழந்தை, 2-இல் 7 போகாது என்று கண்டதும் 7-இல் 2 போக 5 என்று எழுதிவிட்டது. பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தை எடுப்பதே கழித்தல் என்பது அதன் நம்பிக்கை. இரண்டாவது குழந்தை பத்தின் இடத்திலிருந்து கடன் வாங்கியது. 12-இல் 7 போக 5 என்று சரியாகவே செய்தது. கடன் கொடுத்த 5, 4 ஆகிவிட்டதை மட்டும் மறந்தது. முதல் குழந்தையோடு உட்கார்ந்து, பத்துக் குச்சிக் கட்டை அவிழ்த்து ஒன்றுகளாக்கிக் காட்ட வேண்டும். இரண்டாவது குழந்தைக்கு ஒரு படியை நினைவூட்டினால் போதும்.

வினாவில் ஓர் இலக்கத்தை மாற்றி 53-இலிருந்து 27 என்று கேட்டிருந்தால், முதல் குழந்தை 34 என்றும் இரண்டாவது குழந்தை 36 என்றும் எழுதியிருக்கும். பிழைகள் தாமாகவே பிரிந்து நின்றிருக்கும். ஒன்றின் இடத்து இலக்கங்களுக்கிடையே வேறுபாடு 5 ஆக அமைந்ததால்தான் முந்தைய வினா இரண்டையும் ஒன்றாகக் காட்டியது. நல்ல வினாவை ஆக்குவதும் பிழையைப் படிப்பதும் ஆசிரியத் தொழிலின் நடுவே இருக்கும் அறிவு. இன்று நான் சொல்ல வந்தது இதுதான்: அடுத்த நாள் பாடத்தை மாற்றும்போதுதான் மதிப்பீடு பயன்படுகிறது. அந்த மாற்றத்தைச் செய்யும் நேரமும் உரிமையும் ஆசிரியரிடம் இருக்க வேண்டும்.

நாம் கடந்து வந்த வழி

இந்த எண்ணம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியில் உருவான முறையிலிருந்து பாடம் கற்றது. ஏணிப்படிகளாக அமைந்த அட்டைகளில், குழந்தை தான் நிற்கும் படியைத் தானே அறிந்தது. 2012-13-இல் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு வந்தது. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என மதிப்பெண்கள் பிரிக்கப்பட்டன. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபின், 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று நிலைகளோடு வந்தது. மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பதாலேயே ஒரு குழந்தை மூன்றாம் வகுப்புப் பாடத்துக்குத் தயாராகிவிட்டது என்று கொள்ளலாகாது என்பதை அரசே ஏற்றுக்கொண்ட திட்டம் அது. இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால், நிலையை அறிவது பாதி வேலைதான். பாடத்தை மாற்றும் மீதிப் பாதி நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆந்திரத்தில் ஒரு சான்று உண்டு. பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளில் ஓர் ஆய்வு செய்து 2010-இல் வெளியிட்டார்கள். மாணவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்ற விரிவான அறிக்கை ஆசிரியர்களுக்கு எழுத்தில் தரப்பட்டது. அதைப் பயன்படுத்தும் வழிகளும் சொல்லப்பட்டன. பார்வையாளர் வந்தபோது அந்த வகுப்புகள் மேம்பட்டே தெரிந்தன. ஆண்டு முடிவுத் தேர்விலோ, அறிக்கை பெற்ற பள்ளிகளுக்கும் பெறாத பள்ளிகளுக்கும் வேறுபாடு இல்லை.

இதற்கு மறுபக்கமாக நிற்பது ஹரியானா. அங்கே 2012-13-இல் பிரதம் அமைப்பின் முறைப்படி அரசுப் பள்ளிகளில் நாள்தோறும் ஒரு மணி நேரம் தனியே ஒதுக்கப்பட்டது. அந்த ஒரு மணி நேரத்தில் குழந்தைகள் வகுப்புவாரியாக அல்லாமல், வாசிக்கும் நிலைவாரியாக அமர்ந்தார்கள். ஆசிரியர்களுக்குத் துணைநின்று வழிகாட்டவும் ஆட்கள் இருந்தார்கள். மொழித்திறன் உயர்ந்தது. கணக்கில் அதே பலன் கிட்டவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆந்திரத்தில் தகவல் மட்டும் போய்ச் சேர்ந்தது. ஹரியானாவில் தகவலோடு கால அட்டவணையும் மாறியது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது நான் கற்றுக்கொள்ளும் பாடம் இதுவே.

இலக்கு யாருடையது?

“வகுப்பின் தேர்ச்சி 80 விழுக்காட்டை எட்ட வேண்டும்” என்பது பல பள்ளிகளில் கேட்கும் இலக்கு. திங்கட்கிழமை காலை யாரோடு உட்கார்ந்து எதைச் சொல்லித்தர வேண்டும் என்பதை அது சொல்வதில்லை. தேர்ச்சிக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும் பிள்ளைகள் மேல் கவனம் குவியும். வெகு கீழே நிற்கும் பிள்ளை, எவ்வளவு முன்னேறினாலும் கணக்கில் வராது.

நான் பரிந்துரைக்கும் இலக்கு வேறு விதமானது: “இந்த ஆறு பிள்ளைகளும் இரண்டு வாரத்துக்குள், கடன் வாங்கிக் கழிக்கும் ஈரிலக்கக் கணக்கைக் குச்சிக் கட்டின் துணையின்றி, வாயால் விளக்கிக்கொண்டே செய்வார்கள்.” இதில் யார், எது, எப்போதுக்குள், எப்படித் தெரியும் என்ற நான்கும் இருக்கின்றன. இரண்டு வாரத்தில் நால்வர் எட்டினால் அவர்கள் குழு மாறட்டும். மற்ற இருவருக்குக் கற்பிக்கும் வழி மாறட்டும். அரும்பு என்று ஜூலையில் குறிக்கப்பட்ட பிள்ளை மார்ச்சிலும் அதே பெயரோடு அமர்ந்திருந்தால், அது குழந்தையின் நிலையைவிட நம் கற்பித்தலின் நிலையைத்தான் காட்டுகிறது.

இலக்கு குழந்தைக்கும் தெரிய வேண்டும். இஸ்ரேலில் ரூத் பட்லர் நடத்தி 1988-இல் வெளியிட்ட ஆய்வில், கருத்துரை மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் கருத்துரையும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. எண் கண்ணில் பட்டதும் கருத்துரை பின்னுக்குப் போய்விடுகிறது. நோட்டைத் திருத்தும்போது “கடன் கொடுத்த இடத்தை மறுபடி பார்” என்று எழுதுங்கள். மதிப்பெண் பதிவேட்டில் இருக்கட்டும்.

மூன்று வேண்டுகோள்கள்

முதலாவது, கல்வித் துறைக்கு. கற்பிக்க உதவும் மதிப்பீட்டையும் பள்ளியைக் கண்காணிக்கும் மதிப்பீட்டையும் பிரித்து வையுங்கள். எண் குறைந்தால் விளக்கம் கேட்கப்படும் என்ற அச்சம் வந்துவிட்டால், எண் உயரும், கற்றல் உயராது. அந்த எண்ணை நம்பித் திட்டமிடும் அரசும் ஏமாறும்.

இரண்டாவது, தலைமையாசிரியர்களுக்கு. செயலியில் பதிவேற்றிய மதிப்பீட்டு விவரம், மறுநாள் காலைக்குள் எந்தப் பிள்ளைக்கு எது தேவை என்ற பட்டியலாக ஆசிரியர் கைக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். வாரத்தில் ஒரு பாடவேளையேனும் ஆசிரியர்கள் கூடி நோட்டுகளைப் படிக்க ஒதுக்குங்கள்.

மூன்றாவது, ஆசிரியப் பயிற்சி மாணவர்களே, உங்களுக்கு. தவறான விடையைக் கண்டதும் சிவப்பு மையில் கோடிடுவதற்கு முன், “இதை எப்படிச் செய்தாய்?” என்று கேளுங்கள். குழந்தை சொல்லும் பதில், எந்தப் புள்ளிவிவரமும் தராத தகவலைத் தரும். அதைக் கேட்கும் பொறுமையும் மறுநாள் பாடத்தை அதற்கேற்ப மாற்றும் துணிவும் உங்களுக்கு வாய்க்கட்டும். அந்தத் துணிவுக்கு இடம் கொடுக்கும் கடமை எங்கள் தலைமுறைக்கு உண்டு.