மகளையும் வயலுக்கு அழைத்துப் போங்கள்



சென்ற சம்பாப் பட்டத்தில் சிதம்பரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் விவசாயிகள் கூட்டம் நடத்தினோம். வேப்ப மரத்தடியில் முப்பது பேர் இருப்பார்கள், எல்லோரும் ஆண்கள். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு வந்த ஒரு பெண், பதினாறு வயது இருக்கும், பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். முடிகிற நேரத்தில், "சார், எங்க வயல்ல கிழக்கு மூலையில மட்டும் பயிர் மஞ்சளாவே நிக்குதே, ஏன்?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் அப்பா, "நீ சும்மா இரும்மா" என்று அடக்கிவிட்டார்.

அன்றைக்கு வந்த கேள்விகளில் நல்ல கேள்வி அதுதான்.

நம் பக்கத்து ஊரான கும்பகோணத்தில் 1925-ல் பிறந்தவர் எம்.எஸ். சுவாமிநாதன். அவர் தகப்பனார் சாம்பசிவன் அறுவை மருத்துவர். யானைக்கால் நோயை ஒழிக்க ஊர் மக்களைத் திரட்டிக் கொசுவோடு போராடியவர். மகனுக்குப் பதினொரு வயதாகும்போதே அவர் காலமாகிவிட்டார். மகனும் டாக்டராவான் என்றுதான் குடும்பம் எதிர்பார்த்தது. 1943-ல் வங்காளப் பஞ்சத்தில் மக்கள் பட்டினியால் மடிந்ததைக் கேட்டு அவர் கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரிக்குப் போனார். அவருக்கு மூன்று பெண்கள். மூத்தவர் சௌம்யா தாத்தா வழியில் டாக்டராகி, காசநோய் ஆராய்ச்சி செய்து, உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை விஞ்ஞானியாகவும் இருந்தார். 2023-ல் தகப்பனார் மறைந்தார். அவர் சென்னையில் 1988-ல் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இன்று சௌம்யாதான் தலைவர். அவருக்கு முன்னால் அந்தப் பொறுப்பில் இருந்தவர் பொருளாதாரம் படித்த தங்கை மதுரா. பாருங்கள், ஆளுக்கொரு படிப்பு. ஆனால் ஊருக்கு உபயோகமாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் மட்டும் தாத்தாவிடமிருந்து பேத்திகள் வரை வந்துவிட்டது.

சுவாமிநாதன் மாநிலங்களவையில் இருந்தபோது ஒரு தனிநபர் மசோதா கொண்டு வந்தார். நிலம் தன் பேரில் இல்லாவிட்டாலும் வயலில் பாடுபடுகிற பெண்ணும் விவசாயிதான், அவளுக்கும் கடனும் தண்ணீரும் சான்றிதழும் உண்டு என்பது அதன் சாரம். அது சட்டமாகாமலே காலாவதியாகிவிட்டது. மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு என்பது நம் மாநிலத்தில் 1989-லேயே வந்தது, 2005-ல் நாடு முழுக்க வந்தது. பங்கு பத்திரத்தில் வந்துவிடும். வேலை தெரிய வேண்டாமா?

கொள்ளிடக் கரையோரம் ஒரு நல்ல விவசாயி இருந்தார். விதைநெல்லைக் கதிர் கதிராகப் பொறுக்கி வைப்பார். திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். வீட்டில் மனைவியும் மகளும் மட்டும். எந்த மதகிலிருந்து தண்ணீர், கடன் எவ்வளவு, சிட்டா எங்கே, ஒன்றும் தெரியவில்லை. விதைநெல் எந்த மூட்டை என்று தெரியாமல் அதையும் மில்லில் அரைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள். அந்தப் பெண் பிறகு அதைச் சொல்லி அழுதது எனக்கு இன்னும் மறக்கவில்லை. எனக்கும் ஒரு மகள் உண்டு. ஜீப்பில் இடமில்லை என்று சாக்குச் சொல்லி அவளை ஒரு நாள்கூட வயலுக்குக் கூட்டிப் போகாதவன்தான் நானும்.

விதையிலிருந்தே ஆரம்பிக்கலாம். பத்து லிட்டர் தண்ணீரில் ஒன்றரைக் கிலோ உப்பைக் கரைக்கச் சொல்லுங்கள். புதுக் கோழி முட்டையைப் போட்டால் அதன் மேல்பாகம் பழைய நாலணாக் காசு அளவு தெரியும்படி மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் கொஞ்சம் உப்பு. பிறகு நெல்லைக் கொட்டி, மிதக்கிற சொத்தையைத் தள்ளி, அடியில் தங்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், கையை வைக்காதீர்கள். தேதியையும் ரகத்தையும் அவளே நோட்டில் எழுதட்டும். மதகு, வாய்க்கால், கடன் தவணை எல்லாம் அதே நோட்டில் ஏறட்டும்.

அந்தக் கிழக்கு மூலைக்கு வருகிறேன். மறுநாள் போய்ப் பார்த்தேன். அப்பா யூரியா போடத் தயாராக இருந்தார். மகள் ஒரு குச்சியை ஊன்றிக் காட்டினாள், அங்கே தண்ணீர் வடியவே இல்லை. வடிகால் வாய் தூர்ந்து கிடந்தது.

பிச்சாவரம் காட்டிலும் இதுதான் நடந்தது. மரங்களை வெட்டிய இடத்தில் மண் உள்வாங்கி, உப்புத் தண்ணீர் தேங்கிக் காய்ந்து, புதுச் செடி வரவில்லை. 1990-களில் சுவாமிநாதன் நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து வாய்க்கால் வெட்டி, கடல் தண்ணீர் வந்து போக வழி விட்டார்கள். கண்டலும் சுரபுன்னையும் தழைத்தன. 2004 சுனாமியில் அந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்குச் சேதம் குறைவு.

வடிகாலை அன்றே வெட்டினோம். இலையில் துரு நிறப் புள்ளியும் இருந்ததால், ஏக்கருக்குப் பத்துக் கிலோ என்ற கணக்கில் அந்த மூலைக்கு மட்டும் துத்தநாக சல்பேட்டை மணலோடு கலந்து தூவச் சொன்னேன். டி.ஏ.பி.யோடு சேர்த்துப் போடக் கூடாது, தனியாகத்தான் போட வேண்டும். பத்துப் பதினைந்து நாளில் பயிர் பச்சை கட்டியது.

அடுத்த கூட்டத்துக்கு அப்பா வரவில்லை, அவருக்குக் காய்ச்சல். நோட்டும் கையுமாக மகள்தான் வந்தாள். முன் வரிசையில் இருந்த ஒரு பெரியவர் நகர்ந்து இடம் விட்டார்.