பாட்டியின் குரலுக்குக் கோரஸ் வேண்டுமா?
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



எனக்கு ஊர் குமாரலிங்கபுரம். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து மானாவாரி மண். 1980களில் வெளிநாடு போனவர்கள் டேப் ரிக்கார்டரோடு திரும்பிய காலத்தில், நம்ம பக்கத்துக் கும்மியும் ஒப்பாரியும் கேசட்டில் ஏறின. பாடிய பாட்டிமார் பலர் இன்று இல்லை. குரல் மட்டும் பரணில் கிடக்கிறது. அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுகிற பிள்ளைகள், "கொஞ்சம் கோரஸ் போட்டால் எடுப்பா இருக்கும்" என்கிறார்கள். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

கோரஸ் நமக்குப் புதிதல்ல. திருவீழிமிழலை சகோதரர்களின் இரட்டை நாகசுரத்தை நினைத்துப் பாருங்கள். இருவரும் வாசிப்பது ஒரே ஸ்வரம்தான். ஆனாலும் காலத்திலும் சுருதியிலும் மயிரிழை வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசம்தான் நாதத்துக்குக் கனம் தருகிறது. பத்துப் பெண்கள் கும்மி பாடும்போதும் இதே சங்கதிதான்.

கருவி இதைச் செயற்கையாகச் செய்கிறது. ஒலியை நகல் எடுத்து, ஒரு வினாடியின் ஆயிரத்தில் சுமார் 20 அல்லது 30 பங்கு தாமதமாக மூலத்தோடு கலக்கிறது. அந்தத் தாமதம் மெதுவாகக் கூடிக் குறைவதால் நகலின் சுருதி லேசாக ஏறி இறங்கும். 1966இல் லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில் கென் டவுன்சென்ட் என்ற பொறியாளர், பீட்டில்ஸ் பாடகர்கள் ஒரே பாட்டை இருமுறை பாடுகிற சிரமம் தீர, டேப்பைக் கொண்டு இதே வழியில் ஒரு குரலை இரண்டாக்கினார். 1976இல் ஜப்பானின் ரோலண்டு கம்பெனி கோரஸைச் சிறு பெட்டியாகவே விற்றது.

சரி, பழைய பதிவுக்கு இது ஆகுமா? ஒப்பாரி ஒற்றைக் குரல். விம்மலும் மூச்சு அடைக்கிற இடமும்தான் அதற்கு உயிர். கோரஸ் போட்டால் ஒரு தாயின் அழுகை கூட்டப் பாட்டாகிவிடும். குரலின் குழைவும் அசைவும் மங்கிப்போகும். குரலோடு டேப்பின் இரைச்சலும் இரட்டிக்கும். அதைச் செல்போனின் ஒற்றை ஸ்பீக்கரில் போட்டால், ஒலிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, குடத்துக்குள் பேசுவது மாதிரி கேட்கலாம்.

இந்த ஆசை பெரிய கம்பெனிகளையும் விடவில்லை. அமெரிக்காவின் கேப்பிடல் கம்பெனி 1960களில் மோனோ பதிவுகளை, ஒரு பக்கத்தைச் சற்றுத் தாமதப்படுத்தி, 'டூயோபோனிக்' என்ற பெயரில் ஸ்டீரியோ போல விற்றது. பின்னாளில் ரசிகர்கள் பலர் அந்தப் பழைய மோனோவையே தேடிப் போனார்கள். மோனோ மூலம் பத்திரமாக இருந்ததால்தான் அது முடிந்தது. நம் பாட்டிக்கு இருப்பதோ ஒரே ஒரு கேசட்!

ஆகவே தம்பிகளே, வரிசை முக்கியம். முதலில் கேசட் ஹெட்டைத் துடையுங்கள். ஹெட்டின் பக்கத்தில் ஒரு சிறு திருகு இருக்கும். அதை மெல்லத் திருப்பிக் குரல் தெளிவாக வரும் இடத்தில் நிறுத்துங்கள். எந்த எஃபெக்டும் தராத தெளிவை அது தரும். அடுத்து, எதையும் சேர்க்காமல் அப்படியே பதிவு செய்யுங்கள். சர்வதேச ஒலி ஆவணக் காப்பகச் சங்கம் குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்கிறது. இந்த மூலப் பிரதியை இரண்டு இடத்தில் வையுங்கள். அதில் கை வைக்காதீர்கள். பாடியவர் பெயர், ஊர், ஆண்டு எழுதுங்கள்.

பிறகு வேறொரு நகலில் இரைச்சலைக் குறையுங்கள். விழாவில் போடவோ நாடகத்துக்கோ வேண்டுமானால், அந்த நகலில் கோரஸை உப்பு மாதிரி அளவோடு சேருங்கள். சேர்த்ததை எழுதியும் வையுங்கள். கோரஸ் அலங்காரம், அது பழுது பார்ப்பதாகாது. டேப் இழுத்து ஆடுவதை அது மறைக்கும், சரிசெய்யாது.

பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலை ஒரு துறையாகவே படிக்கிறார்கள். நம் கல்லூரிப் பிள்ளைகளும் இந்த விடுமுறையில் ஆளுக்கொரு கேசட்டை மாற்றித் தந்தால், கரிசல் மண்ணின் குரல்கள் பிழைக்கும். வெயிலும் பூஞ்சையும் நமக்காகக் காத்திருக்கப் போவதில்லை.