மலைக்குளிரில் ஒரு ரொட்டி



விடியுமுன் பெரட்டுக்குப் புறப்படும் பெற்றோர். வெறும் தேநீரோடு பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள். ரப்பர்த் தோட்டமாயினும் தேயிலை மலையாயினும் இக்காட்சி நமக்குப் புதிதன்று. பத்து மணிக்குள் பசியால் சோர்ந்துவிடும் பிள்ளையின் மனத்தில் பாடம் எவ்வாறு பதியும்? ஆதலால், முதல்நாள் மாலையே வீட்டில் ரொட்டி சுட்டு வைக்கும் முறையைக் குறித்து இன்று பேச விழைகிறோம்.

கேமரன் மலையில் ஜே. ஏ. ரசல் என்பார் 1929-ஆம் ஆண்டு போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அம்மலையில் கொழுந்து பறித்த நம் மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் ஆங்கு வாழ்கின்றனர். தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. இரவில் வெப்பம் 15 பாகையை ஒட்டி இறங்கிவிடும். பகலிலும் 25 பாகையைத் தாண்டுவது அரிது. கீழ்நாட்டில் ஒரு மணி நேரத்தில் பொங்கும் மாவு, அங்கே அந்நேரத்தில் அசைந்தும் கொடுப்பதில்லை. ஈஸ்ட் கெட்டுவிட்டது என்று கருதி மாவைக் கொட்டிவிடுவோர் உண்டு. அது கெடவில்லை. ஈஸ்ட் உயிருள்ள நுண்பொருள். குளிரில் மெதுவாக வேலை செய்யும், அவ்வளவே. அதனைக் கொல்வது கொதிநீர்தான். கை பொறுக்கும் சூட்டுக்கு மேல் நீர் ஊற்றலாகாது.

இக்குளிரை நாம் நமக்கு ஏவல் செய்ய வைக்கலாம். அரைக் கிலோ கோதுமை மாவு, கால் தேக்கரண்டி உடனடி ஈஸ்ட், ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு மேசைக்கரண்டி சீனி, 300 மில்லிலிட்டர் நீர். காலையில் வேலைக்குப் புறப்படுமுன் பிசைந்து மூடிவைத்தால், திரும்பி வரும்போது மாவு இருமடங்காகப் பொங்கியிருக்கும். ரப்பர்த் தோட்டத்தாருக்கு இது பொருந்தாது. நம் வெப்பத்தில் பகல் முழுவதும் வைத்தால் மாவு புளித்துத் தளர்ந்துவிடும். பால் எடுத்துத் திரும்பிய பின், ஒரு தேக்கரண்டி ஈஸ்ட் இட்டுப் பிசைந்தால் ஒரு மணி நேரம் போதும். கடிகாரத்தைப் பாராது மாவைப் பாருங்கள்.

பிசைவதில் சிக்கனம் கூடாது. பத்து நிமிடம் அழுத்திப் பிசைய வேண்டும். ஒரு சிறு உருண்டையை இழுத்தால் அறுபடாமல் மெல்லிய ஏடாக விரிய வேண்டும். ரப்பரோடு பழகிய உங்கள் கைகளுக்கு அந்த இழுவையை நாம் விளக்க வேண்டியதில்லை! கோதுமையின் புரதம் தரும் இழுவை அது; காற்றைச் சிறைப்படுத்தி ரொட்டியை உயர்த்துவதும் அதுவே.

பொங்கிய மாவை அழுத்தி, எண்ணெய் தடவிய தகரத்தில் இட்டு, மீண்டும் எழும்ப விடுங்கள். அடுப்புப் பெட்டி இல்லையே என்று தயங்க வேண்டாம். மலாய் அன்பர்கள் பெருநாளில் சுடும் பாவுலுவைக் கண்டிருப்பீர்கள். கீழும் மேலும் தணல். அம்முறையே இதற்கும் உகந்தது. கனத்த இரும்புச் சட்டியில் இரு விரல் தடிப்புக்கு உலர்ந்த மணலைப் பரப்பிச் சூடேற்றி, தகரத்தை உள்ளே வைத்து மூடி, மூடியின்மேல் தணலை இடுங்கள். கீழ்த்தணல் குறைவாகவும் மேல்தணல் மிகுதியாகவும் இருக்கட்டும். சுமார் 40 நிமிடத்தில் வெந்துவிடும். அடிப்புறத்தைத் தட்டினால் வெற்றுப்பானைபோல் ஒலிக்க வேண்டும்.

ஒன்றை அழுத்திக் கூறுகிறோம். குளிருக்கு அஞ்சிச் சன்னல்களை அடைத்துக்கொண்டு வீட்டினுள் கரி எரிக்காதீர்கள். கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. உறங்கும் குடும்பத்தையே கொன்றுவிடும். தணலை வெளியில், திறந்த இடத்தில் மூட்டுங்கள். வேலை முடிந்ததும் நீர் தெளித்து அணைத்துவிடுங்கள்.

கோதுமை நம் நாட்டில் விளைவதன்று, கப்பலில் வருவது. 2022-ஆம் ஆண்டு உக்ரேன் போரின்போது உலகெங்கும் அதன் விலை ஏறியது. இலங்கை மலையகத்தில் கோதுமை ரொட்டியையே நம்பிய தோட்டக் குடும்பங்கள் அவ்வாண்டு பட்ட துன்பம் பெரிது. சப்பானியர் காலத்தில் நம் முன்னோரைக் காத்தது மரவள்ளிக்கிழங்கு அன்றோ? மாவில் 100 கிராமைக் குறைத்து, அவித்து மசித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கை அவ்வளவே சேர்க்கலாம். நீரைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். ரொட்டி மறுநாளும் மென்மையாக இருக்கும்.

அரைக் கிலோ மாவு ஏறத்தாழ 700 கிராம் ரொட்டி தரும். காலையில் அதனோடு ஓர் அவித்த முட்டையோ, முதல்நாள் பருப்போ, சாடின் மீனோ சேர்த்துக் கொடுங்கள். சுட்டவுடன் வெட்டினால் உட்புறம் பிசினாகும். பிள்ளைகள் சட்டியைச் சுற்றி நின்றாலும் அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள்.