இரு கடிதங்கள்

அரசுகள் ஒப்பந்தம் செய்துகொண்டால் மட்டும் அமைதி நிலைத்துவிடுமா? முதலாம் உலகப் போர் ஓய்ந்தபின் இவ்வினா எழுந்தது. நாட்டுக்கு நாடு அறிஞரும் கலந்துறவாட வேண்டும் எனச் சர்வதேச சங்கம் கருதியது. 1922 ஆம் ஆண்டு அறிவுத்துறை ஒத்துழைப்புக் குழு ஒன்றை நிறுவியது. தத்துவ ஞானி பெர்க்சன் அதன் தலைவரானார். கியூரி அம்மையாரும் ஐன்ஸ்டைனும் உறுப்பினராயினர். குழுவின் பணியை நடாத்த, பிரெஞ்சு அரசின் பொருளுதவியுடன் 1926 இல் பாரிசு நகரில் ஒரு நிலையம் தோன்றிற்று.

1932 இல் அந்நிலையம் ஐன்ஸ்டைனை அணுகி, அவர் விரும்பும் ஒருவருக்கு, விரும்பும் பொருள்பற்றிக் கடிதம் எழுதுமாறு வேண்டியது. அவர் தெரிந்தெடுத்தவர் வியன்னா நகரத்து உளநூல் அறிஞர் புரொயிட். மனித குலத்தைப் போரினின்றும் விடுவிக்க வழியுண்டா என்பதே அவர் கேட்ட கேள்வி. உடனே பலன்தரும் மருந்து தம்மிடம் இல்லை என்பதைப் புரொயிட் மறைக்கவில்லை. பண்பாட்டின் வளர்ச்சியிலேயே நம்பிக்கை வைத்து விடையெழுதினார்.

1933 இல் அக்கடிதங்கள் பாரிசில் நூலாக வெளிவந்தன. அதற்குள் ஜேர்மனி ஹிட்லரின் கைக்குப் போய்விட்டது. அங்கே அந்நூலுக்கு இடமில்லாதொழிந்தது. ஐன்ஸ்டைன் அமெரிக்காவிற் புகலடைந்தார். புரொயிட் 1938 இல் இலண்டன் சேர்ந்தார். மறு ஆண்டு போர் மூண்டது. 1940 இல் பாரிசு வீழ்ந்தபோது நிலையமும் கதவடைத்தது.

எனினும் விதை மடியவில்லை. 1946 இல் அந்நிலையத்தின் பணி யுனெஸ்கோவின் கைக்கு வந்தது. இரு கடிதங்களும் இன்றும் படிக்கப்படுகின்றன. அவை போரைத் தடுக்கவில்லை என்பது மெய்யே. அவற்றைப் படிக்க அஞ்சியவர்களே போரைத் தொடக்கினர் என்பதும் மெய்யன்றோ!