எடை இயந்திரத்துக்குத் தெரியாத கொழுப்பு

திருவனந்தபுரத்து அவையோர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, உடம்பின் எடை எத்தனை கிலோ என்பதன்று, கொழுப்பு எங்கே குடியிருக்கிறது என்பதே. தொடையிலும் புட்டத்திலும் தோலுக்கடியில் சேரும் கொழுப்பு பெரும்பாலும் அடங்கிக் கிடக்க, குடலையும் கல்லீரலையும் சூழ்ந்து வளரும் உள்ளுறுப்புக் கொழுப்போ அழற்சிப் பொருள்களைச் சுரந்து, இன்சுலினின் வேலையைக் கெடுத்து, இரத்த அழுத்தத்தை ஏற்றி, சிறுநீரகத்தைச் சுற்றியும் படிந்து அதை நெருக்குகிறது. அந்த நெருக்கடியில், இரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய் முடிச்சுகளான குளோமெருலஸ்கள் முதலில் அளவுக்கு மீறி உழைக்கின்றன; பிறகு பழுதடைந்து, உடம்பில் தங்க வேண்டிய ஆல்புமின் என்னும் புரதத்தைச் சிறுநீரில் கசியவிடுகின்றன. இந்தக் கசிவோ வடிகட்டும் திறனின் குறைவோ மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய் எனப்படும்.

ஒல்லியானவருக்கு இந்தக் கவலை இல்லை என்று சொல்வோர், 2004இல் லான்செட் இதழில் வெளிவந்த ஒரு படத்தைப் பார்த்திருக்கமாட்டார்கள்: புனேயின் மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டனின் மருத்துவர் யூட்கினும் அருகருகே நிற்க, உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் 22.3 என ஒன்றாகவே இருந்தபோதிலும், ஆங்கிலேயரின் உடம்பில் கொழுப்பு 9.1 விழுக்காடாகவும் இந்தியரின் உடம்பில் 21.2 விழுக்காடாகவும் இருந்தது. தராசு சமம் என்றது, உடம்பு சமமில்லை!

இந்த உண்மையை இஞ்ச் டேப்போடு தெருவுக்குக் கொண்டுவந்த பெருமை இம்மாவட்டத்துக்கும் உண்டு. நெய்யாற்றின்கரை வட்டத்தின் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில், இடுப்புச் சுற்றளவையும் கணக்கில் கொள்ளும் மதிப்பெண் முறையால் 1007 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டு, சிறுநீரகத்தைக் கெடுக்கும் நீரிழிவைத் தடுக்கக் கேரள நீரிழிவுத் தடுப்புத் திட்டம் நடந்தது. வாழ்க்கைமுறையை மாற்றக் கற்பிக்கும் அதன் கூட்டங்களுள் பெரும்பாலானவற்றை நடத்தியவர் மருத்துவர் அல்லர், அதே ஊரின் அண்டை வீட்டுக்காரர். பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லாத அந்த அண்டை வீட்டுக்காரருக்கே முதல் மாலை உரியது. இரண்டாண்டு முடிவில் நீரிழிவு கண்டோர், அந்தக் கூட்டங்கள் நடந்த பகுதிகளில் 14.9 விழுக்காடு, நடக்காத பகுதிகளில் 17.1 விழுக்காடு; இவ்வளவு சிறிய வேறுபாட்டை வெற்றி என்று முழங்குவது நேர்மையன்று. ஆனால் சிறுநீரகத்தைக் கழுவித் தருவதாகப் பொடி விற்கும் கூட்டம், தன் சரக்கை இப்படி ஒரு சோதனைக்கு உட்படுத்தத் துணியுமா? அந்தப் பொடியைவிட, ஊரார் இடுப்பை அளந்த டேப்பே பெரிய மருந்து.

சிறுநீரகம் தொடக்கத்தில் வலிக்காது. ஆகவே இடுப்பு ஆணுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டியிருந்தால், அவையோர் வலிக்காகக் காத்திராமல் சிறுநீரில் ஆல்புமினையும் வடிகட்டும் திறனைக் காட்டும் கிரியாட்டினினை இரத்தத்திலும் சோதித்துக்கொள்ள வேண்டும்.